பூங்காவில் ஒரு பீரங்கி

கண்டி வாவியை நோக்கிய மேட்டுநிலத்தில் அரச மாளிகைப் பூங்கா அமைந்திருக்கிறது. ஹெர்பர்ட் வேஸ் என்ற ஆங்கிலச் சிவில் சேவை அதிகாரியின் பெயரால் வேஸ் பூங்கா என்றும் அதனை வழங்குவர். பூங்கா சிறியது. ஆனால் வாவியும் நகரின் பெரும்பகுதியும் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும். இப்பூங்காவில் ஒரு பீரங்கி நிற்கிறது. இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது பர்மாப் போர்முனையில் பிரித்தானியப் பதினான்காவது படை ஜப்பானியரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கி அது. தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் பிரதம தளபதியாகவிருந்த மௌண்ட்பேட்டன் பிரபு அதனைக் கண்டி நகருக்கு அன்பளிப்புச் செய்தார்.

அன்பளிப்புக்குக் காரணம் உண்டு. 1944 ஏப்ரலில் மௌண்ட்பேட்டன் தமது தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூந்தோட்டத்தில் இராணுவக் காரியாலயங்கள் எழுந்தன. 1945ஆம் ஆண்டின் இறுதியில் தலைமையகம் சிங்கப்பூருக்குப் பெயரும்வரை பர்மா யுத்தத்தின் கட்டளைகள் இம்மலைநாட்டிலிருந்தே பிறந்தன. தமக்கு இடந்தந்த நகருக்குத் தளபதி தமது வெற்றியின் ஒரு துண்டை விட்டுச் சென்றார் எனலாம்.

இதில் விமர்சிப்பதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். இலக்கிய நூலொன்றை எடுத்து, அது யாரைப் பற்றிப் பேசுகிறது, யாரைப் பற்றிப் பேசாமல் விடுகிறது, யாருக்காக எழுதப்பட்டது என்று நாம் ஆராய்கிறோம். நினைவுச் சின்னமும் பொதுமக்கள் முன் வைக்கப்பட்ட ஒரு நூலே. படிக்கத் தெரியாதவனும் அதனைப் படிக்கிறான். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து படிக்கிறார்கள். ஆதலின் அதனையும் விமர்சனத்துக்கு உட்படுத்துவது அவசியம்.

விமர்சனத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலை வெளியே தேடிப் போகவேண்டியதில்லை. போரில் இறந்தவனுக்குக் கல் நடும் வழக்கம் தமிழரிடையே மிகத் தொன்மையானது. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதலாக அதனை வாழ்த்துவது ஈறாக ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. செங்கம் பகுதியிற் கிடைத்த நடுகற்களைப் பார்த்தால், அவை பெரும்பாலும் நான்கு செய்திகளைத் தருகின்றன: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, இறந்தவன் பெயர் என்ன, அவன் யாருடைய ஆள் அல்லது எவ்வூரவன், எவ்வாறு இறந்தான். செங்கத்துக்கு அணித்தான எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்த செய்தியைக் கூறும் அக்கல், அவனுடைய நாயின் பெயரையும் குறிக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்தது என்பது கல்வெட்டுச் செய்தி. நாயின் உருவமும் கல்லிலே செதுக்கப்பட்டிருக்கிறது.

நடுகல்லை நாம் புனிதப்படுத்த வேண்டியதில்லை. குறுநிலத் தலைவர்களின் மாட்டுக் கொள்ளைக்கும் எல்லைச் சண்டைக்கும் உயிரைக் கொடுத்த ஏழை மனிதருக்குத் தலைவர்கள் கொடுத்த மலிவான கூலி என்றும் அதனைக் கருதலாம். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். செத்தவன் யார் என்பதை அக்கல் மறைக்கவில்லை. மகேந்திரவர்மன் வெற்றி பெற்றான் என்று மட்டும் எழுதிவிட்டுக் கருந்தேவக்கத்தியை மறந்துவிடவில்லை. இறந்தவர் யார், எந்த ஊரார், எவ்வாறு இறந்தார், கல்லை நிறுத்தியவர் யார் என்ற நான்கு கேள்விகளையும் கையிற் கொண்டு கண்டியின் சின்னங்களைப் பார்ப்போம்.

பூங்காப் பீரங்கியிடம் கேட்டால், நான்காவது கேள்விக்கு மாத்திரமே விடை கிடைக்கிறது. நிறுத்தியவர் மௌண்ட்பேட்டன். இறந்தவர் யார்? பதினான்காவது படையிற் பெரும்பான்மையோர் இந்தியர். கூர்க்காக்களும் கிழக்கு ஆபிரிக்கரும் மேற்கு ஆபிரிக்கரும் பிரித்தானியரோடு அதில் இருந்தனர். 1944இல் இம்பால், கொஹிமாப் போர்களிலும் அதன் பின்னர் பர்மாக் காடுகளிலும் இவர்கள் குண்டுக்கும் மலேரியாவுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் பலியாயினர். பீரங்கியைக் கைப்பற்றிய கைகள் எந்தத் தேசத்து உழவர்களுடைய கைகள் என்பதைப் பீரங்கி கூறாது. அதை இயக்கிய ஜப்பானியச் சிப்பாயும் ஏதோ ஒரு நெல்வயலிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவனாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்கும் அது இடந்தராது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். ஜப்பானிய இராணுவவெறி முறியடிக்கப்பட்டது மனிதகுலத்துக்கு நன்மையல்லவா? அந்த வெற்றியின் அடையாளத்தை நாம் ஏன் வெறுக்கவேண்டும்? நியாயமான கேள்விதான். பாசிசத்தின் தோல்வியைச் சிறுமைப்படுத்துவது நமது நோக்கமன்று. அந்தத் தோல்விக்கு விலை கொடுத்தவர்களின் பெயர் எங்கே என்பதே நமது கேள்வி. பாசிசத்தை முறியடித்த மக்களின் சின்னமாக அன்றி, ஒரு பிரபுவின் கொடையாக அப்பீரங்கி நிற்கிறது. வேட்டைக்குச் சென்றவர் மான்தலையைச் சுவரில் மாட்டுவது போன்ற காரியம் இது. அதனை வெற்றிப் பொருள் எனலாம். நினைவுச் சின்னம் எனலாகாது.

நிற்க. கண்டிக்குப் பீரங்கியைத் தந்த அதே கை சிங்கப்பூரில் என்ன செய்தது என்பதையும் வாசகர் அறிதல் வேண்டும். இந்திய தேசிய இராணுவத்தில் இறந்தோருக்காகச் சிங்கப்பூர்க் கடற்கரையில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. 1945 யூலை 8ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். அந்த இராணுவத்தில் மலாயா ரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர் திரளாகச் சேர்ந்திருந்தனர். ஜான்சி ராணிப் படையிலே தோட்டத்துப் பெண்களும் இருந்தனர். செப்டெம்பரிற் பிரித்தானியர் சிங்கப்பூருக்குத் திரும்பினர். மௌண்ட்பேட்டனின் கட்டளைப்படி அச்சின்னம் தகர்க்கப்பட்டது. ஐம்பது ஆண்டு கழித்து, 1995இல், அந்த இடத்தில் சிங்கப்பூர் அரசு ஓர் அடையாளப் பலகையை நிறுத்தியது.

போஸ் ஜப்பானியரோடு கூட்டுச் சேர்ந்தது சரியா, பிழையா என்பது வேறு விவாதம். அதில் நமக்குள் கருத்து வேற்றுமை இருக்கலாம். ஆனால் இறந்துபோன தோட்டத் தொழிலாளிக்கு ஒரு கல் இருக்கலாமா, கூடாதா என்பதை வென்ற தளபதி ஒருவரே தீர்மானித்தார் என்பதில் ஐயமில்லை. ஒரு நகரிலே சின்னம் வழங்குவதும் வேறொரு நகரிலே சின்னம் தகர்ப்பதும் ஒரே அதிகாரத்தின் இரு செயல்கள். இதனை மனத்திற் கொண்டாற் கண்டியின் ஏனைய சின்னங்களும் நமக்கு விளங்கும்.

அவற்றுட் காலத்தால் முந்திய நிகழ்ச்சியைக் குறிப்பது மகாவலிக் கரையிலுள்ள வட்டப்புளுவையில் இருக்கிறது. 1803 யூன் மாதத்தில், கண்டியைப் பிடிக்க வந்து நோயால் நலிந்துபோன பிரித்தானியப் படை சரணடைந்தது. ஆற்றங்கரையில் அதன் சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். அவர்களின் தலைவன் மேஜர் டேவி கண்டியிலே கைதியாகப் பல்லாண்டு வாழ்ந்து மடிந்தான். அவ்விடத்தை ‘டேவியின் மரம்’ என்ற பெயரால் வழங்குகிறார்கள். உயிர் தப்பியவன் பெயர் நிலைத்தது. செத்தவர்கள் பெயர் போயிற்று. டேவியின் படையில் மலாய்ச் சிப்பாய்கள் பலர் இருந்தனர். பிரித்தானியர் மன்னனாக்க முயன்ற முத்துச்சாமியும் கண்டியரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். தன்னை நம்பி வந்த ஒருவனைத் தன் உயிருக்கு ஈடாக ஒப்படைத்த செய்தியை எந்தச் சாம்ராச்சியம் கல்லில் எழுதும்?

1815 மார்ச் 2ஆம் தேதி கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. மூன்று ஆண்டுக்குள் ஊவா வெல்லசைக் கிளர்ச்சி மூண்டது. தம்மைத் துரைசாமி என்ற நாயக்க இளவரசன் என்று கூறிக்கொண்ட ஒருவனின் பெயராலே அக்கிளர்ச்சி தொடங்கியது என்பது இன்று சிங்களவர், தமிழர் இருவருமே எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி. அதனை அடக்கச் சென்ற ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொல, ஆங்கிலேயரை விட்டுக் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டான். தேசாதிபதி பிரௌன்றிக்கின் படைகள் ஊர்களை எரித்தன, பயிரையும் பழமரங்களையும் அழித்தன, மாடுகளைக் கொன்றன. அக்காலத்தில் இலங்கையிலிருந்த இராணுவ மருத்துவர் ஜோன் டேவியின் மதிப்பீட்டில் கண்டியர் தரப்பிற் மாண்டோர் ஏறத்தாழ 10,000 பேர். 1818 நவம்பரிற் கெப்பெட்டிப்பொல போகம்பரையிலே சிரச்சேதம் செய்யப்பட்டான்.

அவன் தலைக்கு நேர்ந்த கதி இன்னும் கொடியது. ஹென்றி மார்ஷல் என்ற இராணுவ வைத்தியர் அந்த மண்டையோட்டை எடின்பரோவிலிருந்த மண்டையோட்டு ஆய்வுச் சங்கத்துக்குக் கொடுத்தார். மண்டையின் மேடுபள்ளங்களைக் கொண்டு மனிதனின் குணத்தை அளக்கலாம் என்று நம்பிய போலி விஞ்ஞானம் அது. அதே மார்ஷல் தமது நூலிற் கெப்பெட்டிப்பொலவின் வீரத்தைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார் என்பது வரலாற்றின் முரண். 1948இல் மண்டையோடு இலங்கைக்குத் திரும்பியது. 1954இல் தலதா மாளிகைக்கு எதிரேயுள்ள மகாமளுவையில் நினைவுத்தூண் எழுந்தது. கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் எனக் கூறிய பழைய பிரகடனமும் பிற்காலத்தில் இரத்துச் செய்யப்பட்டது.

அடிமை நாடு விடுதலையடைந்ததும் தன் வீரனின் தலையைத் திரும்பப் பெற்றது பெருமைக்குரிய செயலே. எனினும் நமது நான்கு கேள்விகளும் அங்கேயும் எழுகின்றன. தலைவனுக்குத் தூண் உண்டு; எரிந்துபோன ஊர்களிற் பட்டினியால் மாண்ட குடியானவனுக்கு என்ன உண்டு? மேலும், மண்டையோடு திரும்பிவந்த அதே 1948ஆம் ஆண்டிலேதான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. கண்டியைச் சுற்றிய மலைகளைப் பச்சையாக்கிய இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர் ஆயினர். நாட்டின் வீரர் யார் என்று முடிவு செய்யும் வேளையிலேயே, நாட்டினர் யார் அல்லர் என்பதும் முடிவு செய்யப்பட்டது.

இத்தொழிலாளரின் முன்னோர் கண்டியின் எந்தக் கல்லிலும் இல்லை. நகரின் மற்றொரு பூங்காவான ஜோர்ஜ் ஈ. டி சில்வா பூங்காவில் ஒரு நீரூற்று இருக்கிறது. 1875இல் வேல்ஸ் இளவரசர் வந்துபோனதன் ஞாபகார்த்தமாகக் கோப்பித் தோட்டத் துரைமார் நிறுவியது அது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து, வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே விழுந்துபட்டவர்களின் உழைப்பிலிருந்து வந்த பணம் அந்நீரூற்றுக்குச் செலவாயிற்று. கல்வெட்டு துரைமாரின் இராச விசுவாசத்தைக் கூறுகிறது. கோப்பி பறித்தவரைக் கூறவில்லை.

கண்டிக்கு அணித்தாக, தெவெட்ட கஹபிட்டிய என்ற ஊரிலே, யுத்த மயானம் ஒன்று இருக்கிறது. இரண்டாவது மகாயுத்த காலத்தில் மாண்ட 203 பேர் அங்கே துயில்கின்றனர். பிரித்தானியர் 107, கிழக்காபிரிக்கர் 35, இலங்கையர் 26, இந்தியர் 23. கனேடியர், இத்தாலியர், பிரெஞ்சுக்காரரும் சிலர் உளர். பூங்காவிலே காணாத ஒன்றை இங்கே காண்கிறோம். பெயர் இருக்கிறது, படைப்பிரிவு இருக்கிறது, இறந்த தேதி இருக்கிறது. கென்யாவிலிருந்தோ நியாசாலாந்திலிருந்தோ வந்தவனும் ஆங்கில அதிகாரியும் ஒரே வரிசையிலே கிடக்கிறார்கள். 1917இல் அமைந்த யுத்தக் கல்லறை ஆணைக்குழு, பதவி, இனம், மதம் பாராது எல்லாருக்கும் ஒரே மரியாதை என்று வகுத்துக்கொண்ட விதியின் விளைவு இது. சாம்ராச்சியத்தின் செயல் என்பதற்காக இந்த நல்ல விதியை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் விதி எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கப்பட்டதா? 2021இல் அதே ஆணைக்குழு வெளியிட்ட விசாரணை அறிக்கை விடை கூறிற்று. முதலாவது மகாயுத்தத்தில் இறந்த ஆசியர், ஆபிரிக்கருள் 45,000 முதல் 54,000 பேர்வரை சமமற்ற முறையிலே நினைவுகூரப்பட்டனர். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. கிழக்காபிரிக்காவிலே பீரங்கியையும் அரிசி மூட்டையையும் தலையிற் சுமந்து மாண்ட சுமைகாரர் இவர்களுள் மிகப் பலர். ஆணைக்குழு மன்னிப்புக் கோரியது. நூறு ஆண்டு கழித்து வந்த அந்த மன்னிப்பு, ஆவணச் சாலையில் உட்கார்ந்து கணக்கெடுத்த ஆய்வாளர்களாலேயே சாத்தியமாயிற்று என்பதை நம் மாணவர் கவனிக்க வேண்டும்.

துப்பாக்கி ஏந்தியவனுக்கே பெயர் அரிதென்றால், மண்வெட்டி ஏந்தியவனுக்கு என்ன இருக்கும்? பூங்காப் பீரங்கி வந்த அதே பர்மாவைச் சயாமோடு இணைக்க ஜப்பானியர் 1942-43இல் 415 கிலோமீற்றர் நீளமான இரயில்பாதை போட்டனர். நேசநாட்டு யுத்தக் கைதிகள் 12,000 பேருக்கு மேல் அதிலே மாண்டனர். ஆசியத் தொழிலாளரில் மாண்டவர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுட் பெருந்தொகையினர். கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியிலே செப்பமான மயானம் அமைந்தது. தமிழருக்கு ஆற்றங்கரைக் குழிகளே எஞ்சின. அவர்களுக்காக ஒரு நடுகல் காஞ்சனபுரியின் புத்த ஆலயமொன்றிலே நிறுவப்பட்டது 2023இலேதான். எண்பது ஆண்டு சென்றபின், மலேசியத் தமிழரின் முயற்சியால் அது நிறைவேறிற்று. அவர்கள் அதற்கு நடுகல் என்றே பெயரிட்டனர். எந்த அரசும் தராத கல்லை மக்கள் தாமே நட்டனர்.

இதுவரை கூறியன யாவும் பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலாது. நம் காலத்து யுத்தம் 2009இல் முடிந்தது. கண்டி நகரும் அதன் கொடுமைக்குத் தப்பவில்லை. 1998 சனவரி 25ஆம் தேதி விடுதலைப் புலிகள் தலதா மாளிகை வாயிலில் நடத்திய குண்டுத் தாக்குதலில் ஒரு பாவமும் அறியாத பொதுமக்கள் மாண்டனர். சிதைந்த கட்டிடம் விரைவிலே பழையபடி எழுந்தது. வடக்கிலே யுத்தத்தின் இறுதி நாட்களில் மாண்ட பொதுமக்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளவில் எழுப்பப்பட்ட முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியோ, 2021 சனவரி 8ஆம் தேதி இரவோடிரவாக இடித்துத் தள்ளப்பட்டது. மாணவர் உண்ணாவிரதம் இருந்தனர். எதிர்ப்பு நாடெங்கும், கடல்கடந்தும் எழுந்தது. அதே ஆண்டில் தூபி மீண்டும் கட்டப்பட்டது. 1945இற் சிங்கப்பூரிலே நடந்ததும் 2021இல் யாழ்ப்பாணத்திலே நடந்ததும் காலத்தால் வேறு. அரசாங்கத்தின் கொடி வேறு. அதிகாரத்தின் மனோபாவம் ஒன்றே. வென்றவன் தன் சாவுகளை மாத்திரம் எண்ணிக்கொள்வான். தோற்றவன் அழுவதற்கும் அனுமதி கேட்க வேண்டும்.

இதனை மாற்ற வழி, அவரவர் தத்தம் தரப்புக்கு மேலும் உயரமான தூண்களை எழுப்புவதன்று. அப்படி எழுந்த தூண்கள் அடுத்த சண்டைக்கு எல்லைக்கற்களாகிவிடும். தலதா மாளிகை வாயிலில் மாண்ட குழந்தைக்கும் முள்ளிவாய்க்காலில் மாண்ட குழந்தைக்கும் ஒரே அளவுகோலை ஏற்கும் மனம் முதலில் உருவாக வேண்டும். அந்த மனத்தை உருவாக்கும் பொறுப்பு அரசியல்வாதிகளைவிட ஆசிரியர்களுக்கே அதிகம் உண்டு.

கண்டியிலே இதைத் தொடங்குவது எளிது. பூங்காப் பீரங்கியை அகற்ற வேண்டியதில்லை. அதனருகே சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை இருக்கட்டும். இது எந்த யுத்தத்திலே கைப்பற்றப்பட்டது, பதினான்காவது படையில் இருந்தவர் எந்தெந்த நாட்டு மக்கள், அதே பர்மாவின் இரயில்பாதையில் எத்தனை தொழிலாளர் மாண்டனர் என்று அது கூறட்டும். மாநகர சபை அதனைச் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. மாணவரை ஒரு நாள் பூங்காவுக்கும், மறுநாள் மகாமளுவைக்கும், அதற்கடுத்த நாள் தெவெட்ட கஹபிட்டிய மயானத்துக்கும் ஆசிரியர் அழைத்துச் செல்லலாம். எழுதியிருக்கும் பெயர்களைக் குறித்து வரச் சொல்லலாம். பிறகு எழுதப்படாதவர் யார் யார் என்று வகுப்பிலே கேட்கலாம். சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து அந்தப் பட்டியலை நிரப்பத் தொடங்கட்டும். வெல்லசைக் குடியானவன், டேவியின் மலாய்ச் சிப்பாய், மாத்தளைப் பாதையில் விழுந்த தோட்டத் தொழிலாளி, கண்டி மண்ணிலே புதைந்த கிழக்காபிரிக்கன் என்று அப்பட்டியல் நீளும். அதன் இறுதியில், அண்மை யுத்தத்திலே தத்தம் வீட்டில் இழந்தவர்களின் பெயரையும் பிள்ளைகள் அச்சமின்றி எழுதக்கூடிய நாள் வரவேண்டும்.